கிண்ணத்தில் என்ன போடுவது: பையா, சட்டியா?

வாலாட்டி:
எங்கள் மணிக்கு மூன்று வயது. கலப்பினம், எடை 14 கிலோ. குட்டியிலிருந்தே கடையில் பையில் விற்கும் டிரை ஃபுட்தான். ஒரு மாதமாகக் கிண்ணத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, நாங்கள் சாப்பிடும் மேசைக்கு அடியில் வந்து உட்கார்ந்துகொள்கிறான். "தினமும் அதே உருண்டையை நீ தின்பாயா?" என்று சித்தப்பா கேட்கிறார். பக்கத்து வீட்டுக்காரரோ, "பையை மாற்றினால் நாய் கெட்டுப்போகும்" என்கிறார். வீட்டிலேயே சமைத்துப் போடலாமா? சண்டை போடாமல் சொல்லுங்கள்.

அடுப்படி:
இந்தக் கேள்விக்குச் சண்டை இல்லாமல் பதிலா! தாராளமாகச் சமைத்துப் போடுங்கள். பதினெட்டு வருடமாக நான் அதைத்தான் செய்கிறேன். கோழி, சோறு, கேரட், பூசணி. முதல் நாய் 14 வயது வரை இருந்தது. நாய் மனிதனோடு சேர்ந்து குறைந்தது 15,000 ஆண்டுகள் ஆகின்றன. ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்பவர் இங்கிலாந்தில் நாய் பிஸ்கட் விற்கத் தொடங்கியது 1860களில். அதற்கு முன்னால் நாய்கள் என்ன பட்டினியா கிடந்தன?

இன்னொன்று. 2007இல் வட அமெரிக்காவில் நடந்தது நினைவிருக்கிறதா? புரதம் அதிகம் இருப்பதாகச் சோதனையில் காட்டுவதற்காகக் கோதுமைப் பசையத்தில் மெலமைன் என்ற வேதிப்பொருளைக் கலந்திருந்தார்கள். அதைத் தின்ற நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. என் சட்டியில் என்ன விழுகிறது என்று எனக்குத் தெரியும். பைக்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?

எண்கணக்கு:
உங்கள் சட்டியில் என்ன விழுகிறது என்பது தெரிகிறது. என்ன விழவில்லை என்பது தெரியுமா? கோழி, சோறு, கேரட், பூசணி என்றீர்கள். இதில் கால்சியம் எங்கே?

எலும்பில்லாத இறைச்சியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் சொற்பம். ஒன்றுக்குப் பத்து மடங்குக்கும் மேல் வித்தியாசம். நாய்க்கு வேண்டியதோ, பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் ஒன்றிலிருந்து இரண்டு பங்கு. உணவில் கிடைக்காவிட்டால் உடல் சும்மா இருக்காது. ரத்தத்தில் கால்சியம் குறையாமல் இருக்க எலும்பிலிருந்து உருவிக்கொள்ளும். வளர்ந்த நாயில் அது வெளியே தெரிய வெகு நாளாகும். குட்டிக்கு வெறும் கறியும் சோறும் போட்டால் சில வாரங்களிலேயே கால் வளையும்.

2013இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் வீட்டில் சமைக்கும் 200 நாய் உணவுக் குறிப்புகளைச் சோதித்தார்கள். அவற்றில் 95 சதவீதத்தில் அவசியமான சத்து ஒன்றாவது குறைந்திருந்தது. கால்நடை மருத்துவர்கள் எழுதிய குறிப்புகளும் அந்த 200இல் நிறைய இருந்தன. நாம் எம்மாத்திரம்?

அடுப்படி:
கால்சியம் போடவில்லை என்று நான் சொன்னேனா? முட்டை ஓட்டைக் கழுவி, வறுத்து, மாவாகப் பொடித்து வைத்திருக்கிறேன். தினமும் அரை டீஸ்பூன். குறிப்பில் எழுத மறந்தது என் தப்பு.

எண்கணக்கு:
சரி, அது நல்ல வழிதான். மணி அளவு நாய்க்குத் தினம் சுமார் ஒரு கிராம் கால்சியம் வேண்டும், அரை டீஸ்பூன் பொடியில் ஏறக்குறைய அவ்வளவு வந்துவிடும். ஆனால் பாருங்கள், நீங்கள் எழுத மறந்த அந்த ஒரு வரியைத்தான் வாலாட்டியும் விட்டிருப்பார். "கோழியும் சோறும் போதுமாம்" என்று சமைக்க ஆரம்பித்திருப்பார். அப்புறம் துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி, வைட்டமின் ஈ? நம்மைப் போல வெயிலில் நின்று வைட்டமின் டி தயாரித்துக்கொள்ள நாய்க்கு அவ்வளவாக வராது. சாப்பாட்டில்தான் வர வேண்டும்.

சமைக்காதீர்கள் என்று சொல்லவில்லை. விலங்கு உணவியல் படித்த மருத்துவரிடம் எடை, வயது சொல்லி ஒரு குறிப்பு வாங்குங்கள். தராசு வைத்து அதன்படியே செய்யுங்கள். கண்ணளவு சாம்பாருக்குச் சரி, இதற்குச் சரிப்படாது.

எலும்புத்துண்டு:
எதற்கு இவ்வளவு கணக்கு? நாய் என்பது ஓநாய். ஓநாய் சோறு வடிக்கிறதா? பச்சை மாமிசம், பச்சை எலும்பு, கொஞ்சம் ஈரல். என் நாயின் பல்லைப் பார்த்தால் விளம்பரத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். மாவுச்சத்து நாய்க்குத் தேவையே இல்லாத குப்பை.

எண்கணக்கு:
ஓநாய் ஓநாயாகவே இருந்திருந்தால் நம் கட்டில் மேல் படுத்திருக்காது. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாய்க்குப் பொதுவாக இரண்டு பிரதிதான். நாய்களில் 4 முதல் 30 வரை இருப்பதாக 2013இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு காட்டியது. மனிதனின் குப்பைமேட்டில் தின்று தின்று வந்த மாற்றம் அது. வேக வைத்த சோற்றை நாயின் குடல் நன்றாகவே செரிக்கும்.

அடுப்படி:
இந்த ஒரு விஷயத்தில் நான் எண்கணக்கு பக்கம். பச்சை இறைச்சியில் சால்மொனெல்லா இருந்தால் நாய் அசராமல் நிற்கும். ஆனால் அதன் மலத்திலும் எச்சிலிலும் கிருமி வெளியே வரும். அந்த வாயால்தான் குழந்தையின் முகத்தை நக்கும். வீட்டில் கர்ப்பிணியோ, கைக்குழந்தையோ, வயதானவரோ இருந்தால் யோசிக்கவே வேண்டாம். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் 2012இலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

எலும்புத்துண்டு:
நான் உறைய வைத்துத்தான் போடுகிறேன். கிருமி செத்துவிடும்.

எண்கணக்கு:
சாகாது. தூங்கும், அவ்வளவுதான். உறைய வைத்தால் சில ஒட்டுண்ணிகள் சாகும், சால்மொனெல்லா தாக்குப்பிடிக்கும். பல் வெள்ளையாக இருப்பது உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கெட்டியான எலும்பைக் கடித்துக் கடைவாய்ப்பல் பிளந்த நாய்களும் உண்டு.

அடுப்படி:
வேக வைத்த எலும்பு அதைவிட மோசம். ஊசி ஊசியாக உடைந்து குடலைக் கிழிக்கும். சூப்பு வைத்துவிட்டு மிஞ்சிய எலும்பை "பாவம், நாய்க்கு" என்று போடுகிறவர்கள் கவனிக்கவும்.

இலைதழை:
நான் இறைச்சி சாப்பிடாத வீட்டுக்காரி. பூனை மாதிரி இல்லை நாய். டாரின் என்ற அமினோ அமிலத்தை நாயின் உடலே தயாரித்துக்கொள்ளும், பீட்டா கரோட்டினை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். 2022இல் 2,500க்கும் மேற்பட்ட நாய்களின் வளர்ப்பாளர்களிடம் கேட்டு எடுத்த ஆய்வில் தாவர உணவு தின்ற நாய்கள் நன்றாகவே இருந்தன. கறி போடாவிட்டால் கொடுமைக்காரி என்று என்னைத் திட்டுகிறார்களே, அது நியாயமா?

எண்கணக்கு:
கொடுமை என்று சொல்ல மாட்டேன். ஆனால் "வளர்ப்பாளர்களிடம் கேட்டு" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தன் நாய் நலமில்லை என்று யார் மனதாரச் சொல்வார்? ரத்தப் பரிசோதனை செய்த கணக்கு இல்லை அது. சத்துகளைச் சரிபார்த்துத் தயாரித்த தாவர உணவு என்றால் வளர்ந்த நாய் சமாளிக்கும். நம் தட்டிலிருந்து பருப்புச் சோற்றைப் பிசைந்து போடுவது வேறு விஷயம். வைட்டமின் பி12, வைட்டமின் டி, மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் மூன்றும் எங்கிருந்து வருகின்றன என்று பாருங்கள். குட்டிக்கு மட்டும் இந்தச் சோதனை வேண்டாம்.

இலைதழை:
தயாரித்த உணவுதான் கொடுக்கிறேன். பிசைந்து போடவில்லை. ஆனாலும் ரத்தப் பரிசோதனை செய்தது இல்லை. அடுத்த தடவை கேட்கிறேன்.

வாலாட்டி:
எல்லாம் படித்துவிட்டுக் குழம்பி நிற்கிறேன். நாங்கள் சாப்பிடுவதையே மணிக்கும் கொடுத்தால் என்ன? இன்னொரு விஷயம், எங்கள் பையில் "தானியம் இல்லாதது" என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. விலை கூடுதல், அதனால் உயர்ந்தது என்று நினைத்து வாங்கினோம்.

அடுப்படி:
நாம் சாப்பிடுவதையே கொடுக்கக் கூடாது. நான் நாய்க்குத் தனிச் சட்டி வைத்திருப்பது அதனால்தான். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், வெந்தாலும் வதங்கினாலும் அதேதான். திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட் ஆகாது. சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால் கொஞ்ச நேரத்திலேயே ரத்தச் சர்க்கரை சரிந்து விழும்.

அப்புறம் அந்தத் தானியமில்லாப் பை! எண்கணக்கு, இதற்கு என்ன சொல்கிறீர்கள்? 2018இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே எச்சரித்ததே. பட்டாணி, பருப்பு, உருளைக்கிழங்கை முதன்மையாகப் போட்ட உணவுகளைத் தின்ற நாய்களுக்கு இதயத் தசை தளர்ந்துபோகும் நோய் வருகிறதா என்று பார்த்தார்களே. அதுவும் "முழுமையான, சமச்சீர்" என்று அச்சடித்த பைதான்!

எண்கணக்கு:
நல்ல அடி. அந்த அச்சை நம்பி நானும் இரண்டு வருடம் அப்படி ஒரு பை வாங்கியவன்தான். காரணம் இன்னது என்று இன்னும் உறுதியாகவில்லை. 2022 கடைசியில், புதிதாக அறிவியல் தகவல் வந்தால்தான் இனி அறிக்கை என்று சொல்லி அந்த நிர்வாகம் நிறுத்திக்கொண்டது. ஆனால் தானியத்தை நீக்குவதால் சாதாரண நாய்க்கு லாபம் ஒன்றும் கிடையாது. உணவு ஒவ்வாமை உள்ள நாய்களுக்கே பெரும்பாலும் ஆகாதது மாட்டிறைச்சி, பால், கோழி போன்ற புரதங்கள்தான். கோதுமை அதற்கு அப்புறம்தான் வரும். எனவே வாலாட்டி, பையின் முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள், பின்பக்கத்தைப் படியுங்கள். எந்த வயது நாய்க்கு, முழு உணவா, ஒரு கிராமுக்கு எத்தனை கலோரி என்று. அது சரி, மணிக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு போடுகிறீர்கள்?

வாலாட்டி:
காலையில் ஒரு டம்ளர், ராத்திரி ஒரு டம்ளர்.

எண்கணக்கு:
டம்ளர் கணக்கு வேண்டாம். தராசில் வைத்துச் சொல்லுங்கள். பையில் போட்டிருக்கும் கலோரியையும் சேர்த்து.

வாலாட்டி:
நிறுத்தேன். இரண்டும் சேர்த்து 290 கிராம். பையில் 100 கிராமுக்கு 360 கலோரி என்று இருக்கிறது. அது போக அப்பா ஐந்தாறு பிஸ்கட் கொடுப்பார். அம்மா சப்பாத்தி கொடுப்பதாக இப்போதுதான் தெரிந்தது.

எண்கணக்கு:
அதாவது பையிலிருந்து மட்டும் 1,040 கலோரிக்கு மேல். 14 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த நாய்க்குத் தோராயமாக 810 போதும். எடையின் 0.75ஆம் அடுக்கை 70ஆல் பெருக்கி, வரும் விடையை 1.6ஆல் பெருக்கிப் பாருங்கள். மணிக்கு வயிறு நிறைந்திருக்கிறது. மேசைக்கு அடியில் இன்னும் ருசியானது கிடைக்கும் என்று தெரிந்த நாய், கிண்ணத்தை ஏன் தொடும்?

அடுப்படி:
விலாவைத் தடவிப் பாருங்கள். நம் புறங்கையைத் தடவினால் எலும்பு எப்படித் தட்டுப்படுகிறதோ, அப்படித் தட்டுப்பட வேண்டும். அழுத்தித் தேட வேண்டியிருந்தால் கொழுப்பு கூடிவிட்டது. பையோ சட்டியோ, இதில் எங்களுக்குள் சண்டை இல்லை.

எண்கணக்கு:
2002இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. 48 லாப்ரடார்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒரே உணவை, ஜோடியில் ஒன்றுக்கு மட்டும் 25 சதவீதம் குறைத்துக் கொடுத்தார்கள். குறைவாகத் தின்றவை நடுமதிப்பில் 13 வயது வரை இருந்தன, மற்றவை 11.2. ஏறக்குறைய இரண்டு வருடம்! எந்தப் பை என்று நாம் மல்லுக்கட்டுவதில் இவ்வளவு வித்தியாசம் வருமா என்பது சந்தேகமே.

வாலாட்டி:
விலா தட்டுப்படவே இல்லை. போன வருடத் தடுப்பூசிச் சீட்டில் 12 கிலோ என்று இருக்கிறது. மூன்று வயது நாய் கொஞ்சம் பூசினாற்போல் இருப்பது ஆரோக்கியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுப்படி:
முதலில் டாக்டரிடம் ஒருமுறை பல்லையும் ஈறையும் காட்டிவிடுங்கள். வாய் வலித்தாலும் கெட்டி உருண்டையைத் தவிர்க்கும். அதில் குறை இல்லையென்றால் உருண்டை மேல் கொஞ்சம் வெந்நீர் ஊற்றிக் கலந்து, ஆறியதும் வையுங்கள், வாசனை எழும். நாய்க்கு நாக்கைவிட மூக்குதான் ருசி பார்க்கும். கால் மணி நேரத்தில் தொடாவிட்டால் எடுத்துவிடுங்கள். கெஞ்சாதீர்கள்.

எண்கணக்கு:
பையை மாற்றுவதானால் ஏழிலிருந்து பத்து நாளில், பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டி மாற்றுங்கள். ஒரே நாளில் மாற்றினால் வயிற்றுப்போக்கு வரும், பழி புதுப் பை மேல் விழும். பிஸ்கட், நொறுக்குத்தீனி எல்லாம் சேர்த்து நாள் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம்.

வாலாட்டி (பன்னிரண்டு நாள் கழித்து):
பல்லில் ஒன்றும் இல்லை. டாக்டர் சொன்னபடி 190 கிராமுக்குக் குறைத்தோம். முதல் இரண்டு நாள் ஒரே புலம்பல். மூன்றாம் நாள் காலை கிண்ணம் காலி, நக்கிப் பளபளவென்று வைத்திருந்தான். தானியம் உள்ள பைக்கு மாற்றிக்கொண்டு வருகிறோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு கைப்பிடி வேக வைத்த கோழி, உப்பு இல்லாமல், எலும்பு இல்லாமல்.

அடுப்படி:
பார்த்தீர்களா, ஞாயிற்றுக்கிழமை என் கட்சி!

எண்கணக்கு:
வாரத்தில் ஆறு நாள் என் கட்சி. ஞாயிற்றுக்கிழமைக் கோழியையும் கலோரியில் கழித்துக்கொள்ளுங்கள்.

வாலாட்டி:
கழித்துவிட்டேன். அப்பாவின் சட்டைப் பையில் இருக்கும் பிஸ்கட்டை நிறுத்த மட்டும் யாராவது வழி சொல்லுங்கள்.