ரோஸ் முட்டைக்காரனும் உள்ளூர் நத்தையும்: சிங்கப்பூரில் நீங்கள் பார்த்தது என்ன?

ஈசூன்வாசி:
பூங்காக் குளத்தில் நாணல் தண்டிலோ சிமெண்டுச் சுவரிலோ தண்ணீருக்கு ஒரு சாண் மேலே பளீரென்று ரோஸ் கொத்து ஒட்டியிருந்தால் அது தங்க ஆப்பிள் நத்தையின் முட்டை. தென்னமெரிக்காக்காரன். 1980 வாக்கில் சாப்பாட்டுக்கு வளர்க்கலாம் என்று தைவானுக்குக் கொண்டுவந்தார்கள், வாங்க ஆளில்லை, வயலுக்குள் போய்விட்டது, அப்புறம் ஆசியாவில் நெல் போட்ட பல நாடுகளுக்கு அவதி. சிங்கப்பூரில் நெல் இல்லை, ஆனால் பைலா என்ற உள்ளூர் ஆப்பிள் நத்தை இருக்கிறது, அருகிவருகிறது, பார்வைக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இந்த நத்தையை அகற்ற அனுமதியோடு போகும் எங்கள் தன்னார்வலர் குழுவில் புதியவர்கள் கைக்கு வந்த உருண்டை நத்தையை எல்லாம் வாளியில் போட்டுவிடுவார்கள், நான் ஒவ்வொன்றாகத் திருப்பி, ஓட்டின் வாயை அடைக்கும் மூடியைப் பார்ப்பேன். மெல்லிசாக, பழுப்பாக, அழுத்தினால் லேசாக வளைந்தால் வந்தேறி. சுண்ணாம்பேறிக் கெட்டியாக இருந்தால் நம்முடையது, உடனே தண்ணீருக்கு. முட்டை நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், பொரிக்கும் நாள் நெருங்கினால் ரோஸ் வெளுத்துவிடும். அதற்காக முட்டையை விட்டுவிட்டு நத்தையை மட்டும் பொறுக்கினாலும் வீண் வேலைதான், ஒரு கொத்தில் நூற்றுக்கணக்கில் இருக்கும். கையுறை போட்டுச் சுரண்டி நசுக்க வேண்டும், அந்த முட்டையில் நஞ்சு உண்டு.

தஞ்சைத்தம்பி:
அண்ணே, நான் இங்கே தோட்ட வேலைக்கு வந்தவன். ஊரில் வயல் நத்தையைக் கறி வைப்போமே, அந்த ஞாபகத்தில் ரூமில் இருக்கும் பையன்கள் இதையும் சமைக்கலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். எலி நுரையீரல் புழு இதில் இருக்கலாம், சரியாக வேகாவிட்டால் மூளையைத் தாக்கும். இன்னொன்று, தண்ணீர் வற்றினால் செத்துவிடும் என்று நினைக்காதீர்கள். வடிகாலைக் காயவிட்டுப் பார்த்தோம், மூடியை இறுக்கிக்கொண்டு சேற்றுக்குள் கிடந்தது, மழை பெய்ததும் மறுபடி ஊர்கிறது.

தூண்டில்காரன்:
நத்தை மட்டுமா? தூண்டில் போட அனுமதியுள்ள நீர்த்தேக்கத்தில் எனக்கு நீல நிறத்தில் கொடுக்கு வைத்த பெரிய நன்னீர்ச் சிங்கி இறால் (கிரேஃபிஷ்) ஒன்று மாட்டியது, கொடுக்கின் வெளியோரத்தில் சிவப்புத் திட்டு. ஆஸ்திரேலிய இனம், அந்தத் திட்டு ஆணுக்குத்தான். 2007-லேயே இங்கே பெருகியிருப்பதாகப் பதிவாகிவிட்டது. மீன்தொட்டி சலித்துப்போய் யாரோ கொட்டியிருப்பார்கள், வெசாக் என்ற புத்தர் திருநாள் சமயத்தில் புண்ணியம் என்று வாங்கித் தண்ணீரில் விடுபவர்கள் வேறு. ஈசூன்வாசி, உங்கள் குழுவில் இறாலும் எடுப்பீர்களா, இல்லை நத்தை மட்டும்தானா?