புதுப்பிப்பு: ஏன் வரைகிறேன் என்று கேட்டவர்களுக்கு

நாற்பது ஆண்டுகளாகத் தஞ்சாவூர் ஓவியம் வரைவதைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். "எதற்காக?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். அன்று பதில் தெரியவில்லை. நேற்றுக் கிடைத்தது.

துணி ஒட்டிய பலகையில், சாக் பவுடரும் பசையும் குழைத்துக் கிருஷ்ணனின் மாலையைப் புடைப்பாக எழுப்பி, தங்க ரேக்கை, அதாவது மெல்லிய தங்கத் தாளை, மெல்ல அழுத்தினேன். நகக்கண்ணில் ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டது. எட்டு வயதில் அப்பாவின் விரலில் இதே மினுக்கத்தைப் பார்த்து, அவர் சூரியனைக் கிள்ளிவிட்டார் என்று நம்பினேன். (அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொல்லவும் செய்தேன்.) இன்னும் அந்தச் சிறுமிக்குக் காட்டத்தான் வரைகிறேன்.

கண்கள் மட்டும் பாக்கி. அவற்றை எப்போதும் கடைசியில்தான் திறப்போம். வெள்ளிக்கிழமை காலை திறக்கிறேன். அன்றே படம் போடுகிறேன்.