குளத்தை வைத்தே தண்ணீர்க் கணக்கு: பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பிசானம்:
நெல்லையில், தாமிரபரணியில் பிரியும் பாளையங்கால்வாய்ப் பாசனக் குளம் ஒன்றின் கரையோரம் நடுநிலைப் பள்ளி. ஏழு, எட்டாம் வகுப்பில் 32 பிள்ளைகள். 'தண்ணீரைச் சேமிப்போம்' சார்ட் ஒட்டியாச்சு, பேச்சுப்போட்டியும் முடிஞ்சாச்சு. இனி அவங்களே அளந்து, குளத்துக்கு எவ்வளவு வருது, எவ்வளவு போகுதுன்னு கண்டுபிடிக்கிற மாதிரி வேணும். கையில் 1,500 ரூபாய், வாரம் ஒரு பீரியடு. ஜூனில் தொடங்கலாமா, அக்டோபர் மழை வரை பொறுக்கணுமா?

மறுகால்:
ஜூனிலேயே தொடங்குங்க. குற்றாலத்தில் சாரல் அடிக்கும், நம்ம மழைமானியில் பெரும்பாலும் ஒரு பொட்டு இருக்காது. ஆனா கார் சாகுபடிக்கு (ஜூனில் தொடங்குற நெல்) பாபநாசம் அணையில் தண்ணி திறந்து, பழவூர் அணைக்கட்டு வழியா கால்வாயில் வந்துட்டா குளம் ஏறும். மானியில் பூஜ்யம், குளத்தில் ஒரு முழம் கூடுதல். இது எங்கேருந்து வந்துச்சுன்னு பிள்ளைகளே கேட்பாங்க. தாமிரபரணி பிறக்கிற பொதிகை மலைக்காட்டைப் பற்றிப் பேச வேண்டிய நாள் அதுதான். மழையை மட்டும் நம்பின மானாவாரிக் குளம்னா இது நடக்காது, அதுக்கு அக்டோபர்தான்.

மழைமானிக்கு 2 லிட்டர் பாட்டில் போதும், பக்கம் நேரா இருக்கணும். இடுப்பு ஒடுங்கின பாட்டிலில் அளவு தப்பா வரும். மேல்பகுதியை வெட்டித் தலைகீழாச் செருகினா புனல். அடிப்பக்கம் மேடும் பள்ளமுமா இருக்குமே, அதில் கூழாங்கல் போட்டு, மேலே நேர்பக்கம் தொடங்குற வரை தண்ணி விட்டு, அங்கே பூஜ்யக் கோடு போடுங்க. அந்தத் தண்ணி வெயிலில் வற்றும், தினம் கோடு வரை நிரப்பணும். இதை மறந்தால்தான் முதல் மழையே குறைச்சலாக் காட்டும். பக்கத்து மரம், சுவர் எவ்வளவு உயரமோ அதில் இரண்டு மடங்கு தள்ளி வைங்க. காலை 8.30-க்குப் படிக்கணும், வானிலை ஆய்வு மையக் கணக்கும் அதே நேரம்தான்.

கரம்பை:
குளத்து மட்டம் அளக்க தனிக் கம்பு நடாதீங்க, எருமை சாய்ச்சிரும். மடையோரப் (மடைன்னா வயலுக்குத் தண்ணி விடுற வாசல்) படிக்கட்டிலோ சுவரிலோ 10 செ.மீ.க்கு ஒரு கோடு பெயின்ட் அடிங்க. மடையின் அடிமட்டம்தான் பூஜ்யம். தண்ணி நின்னா அது தெரியாது, அதனால மே மாதம் வற்றும்போதே முடிச்சிரணும். மடையிலிருந்து படிக்கு மட்டம் கொண்டுபோக, கொத்தனார் வச்சிருக்கிற, தண்ணி நிரப்பின மட்டக்குழாய் போதும். உள்ளே காற்றுக்குமிழி இருந்தா மட்டம் பொய் சொல்லும். ஆடிக்காற்றில் அலை அடிக்கும், விடியற்காலையில் படிங்க.

நீர்ப்பரப்பு 20 ஹெக்டேர்னு வைங்க. 1 செ.மீ. ஏறினா 2,000 கன மீட்டர், அதாவது 20 லட்சம் லிட்டர். மட்டம் இறங்க இறங்கப் பரப்பும் சுருங்கும். பதிவேட்டில் உள்ள முழுப் பரப்பையே வருஷம் முழுக்கப் பெருக்கினா கோடை அளவு ரொம்ப ஊதிப்போகும்.

மண்ணுக்கு ஒரு கண்ணாடி ஜாடி: மூணில் ஒரு பங்கு கரம்பை (குளத்தடிக் களிமண்), மீதி தண்ணி, அரை ஸ்பூன் பாத்திரம் கழுவும் சோப்பு. 5 நிமிஷம் குலுக்கி வைங்க. ஒரு நிமிஷத்தில் மணல் படியும், இரண்டு மணி நேரத்தில் வண்டல், களி படிய ஒரு நாளுக்கு மேல். சோப்பு போடாட்டா களி கட்டியா உருண்டு மணலோடு உட்கார்ந்து, கரம்பை மண்ணே மணல் மண்ணாத் தெரியும். திசையன்விளைப் பக்கத்துத் தேரிச் செம்மணலையும் ஒரு ஜாடியில் போட்டு அருகே வைங்க, வேறு விளக்கம் தேவைப்படாது.

கோடகன்:
'தூர் வாரினா எல்லாத் தண்ணியும் வயலுக்கு' என்று மட்டும் சொல்லிக்கொடுத்துடாதீங்க. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணி வயலுக்குப் பாயாது. கிணறு ஊறும், மாடு குடிக்கும், அது வேற பலன். கரையை ஒட்டித் தோண்டினா கரையே சரியும். 40 ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டுன்னா (பாயுற வயல் பரப்பு) குளம் ஊராட்சி ஒன்றியம், அதுக்கு மேலேன்னா நீர்வளத் துறை. பெயின்ட் அடிக்கும் முன்னே அங்கே சொல்லிவைங்க.

பிள்ளைகள் தண்ணியில் இறங்கவே கூடாது. மண் அள்ளின இடம் மேலே கணுக்காலளவாத் தெரியும், அடுத்த எட்டில் ஆழக் கசம்.

பிசானம்:
நன்றி அண்ணாச்சிகளே. மடையும் அடைப்பு, மறுகாலும் (குளம் நிரம்பினா வழியுற வாய்) போகலை, அப்பவும் மட்டம் இறங்கினா?

மறுகால்:
ஆவியாவதும் ஊறிப்போவதும். ஆவிக்கு ஒரு அகலமான அலுமினியத் தாம்பாளத்தில் தண்ணி வச்சு, தினம் எவ்வளவு குறையுதுன்னு ஸ்கேலால் அளங்க. தகரம், அலுமினியம் சூடேறிக் குளத்தைவிட அதிகமா வற்றும், அதனால 0.7-ஆல் பெருக்குங்க. தாம்பாளத்தில் 8 மி.மீ. குறைஞ்சா குளத்தில் 5.6 மி.மீ. குளம் அதைவிட எவ்வளவு கூட இறங்கியிருக்கோ அது பெரும்பாலும் ஊறினது. மடைப் பலகை இடுக்கில் கசிவு இருந்தா அதுவும் இதில்தான் சேரும், ஒருதடவை மடைக்கு வெளியே போய்ப் பார்த்துருங்க. தாம்பாளத்துக்கு மேலே கோழிக்கூட்டு வலை போடுங்க, இல்லாட்டா காக்கா குடிச்சதையும் வெயில் கணக்கில் எழுதுவோம்.