மெல்லிய ஷூவில் ஓடுபவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. வேலைக்காக வெளிநாடு வந்து எட்டு மாதம் ஆகிறது. இங்கே வந்துதான் மெல்லிய அடிப்பாகம் உள்ள, குதிகாலும் முன்பாதமும் ஒரே உயரத்தில் இருக்கும் ஷூவுக்கு மாறினேன். 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை எத்தியோப்பிய வீரர் அபேபே பிகிலா வெறுங்காலில் ஓடி வென்றதைப் படித்த நாளிலிருந்தே இந்த ஆசை.

முதல் வாரமே 5 கிலோமீட்டர் ஓடியது என் தவறு. மறுநாள் கெண்டைக்கால் கல்லாக இறுகிக் கிடந்தது. கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில்தான் படி இறங்கினேன். குதிகால் உயரம் குறைந்தால் கெண்டைத் தசையும் அதைக் குதிகாலோடு இணைக்கும் குதிநாணும் கூடுதல் சுமை தாங்க வேண்டும் என்பது அப்புறம்தான் புரிந்தது.

பிறகு 1 கிலோமீட்டராகக் குறைத்து, அடிகளைக் குட்டையாக, வேகவேகமாக வைத்து ஓடினேன். கெண்டைக்கால் சரியாகிவிட்டது. ஆனால் இப்போது இரண்டாம் விரலுக்குப் பின்னால், பாதத்தின் மேல்பக்கம் ஒரே இடத்தில் வலி. விரலால் அழுத்தினாலும் சுருக்கென்கிறது. எலும்பில் விரிசலோ என்ற பயத்தில் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன்.

இங்கே என்னோடு சேர்ந்து ஓடவோ, ஓடுவதைப் பார்த்துத் திருத்தவோ எனக்கு யாரும் இல்லை. நீங்கள் வாரத்துக்கு எவ்வளவு தூரம் கூட்டினீர்கள்? பழைய ஷூவையும் இடையிடையே போட்டீர்களா? இந்த வலி யாருக்காவது வந்திருந்தால், மறுபடி எப்படித் தொடங்கினீர்கள் என்று அவசியம் எழுதுங்கள்.