படையில் இருந்தவர்களின் தற்கொலையைத் தடுத்தல்: நீங்கள் நேரில் கண்டவை

உவர்மலைவாசி:
எங்கள் ஒழுங்கையில் வசிக்கும், கடற்படையில் காயப்பட்டு ஓய்வு பெற்ற சிங்கள அண்ணர், ஆறு வருடங்களுக்கு முன்பு இரவல் வாங்கிய வீச்சு வலையை ஒரு மாலை திருப்பித் தந்தார். மறுநாள் தம்முடைய வானொலியையும் கொண்டுவந்து, "தம்பி வைச்சிருங்கோ" என்றார். அதன் மின்கம்பியை அவர் ஒழுங்காகச் சுற்றி றப்பர் வளையம் போட்டிருந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு நெஞ்சு திடுக்கிட்டது. "அண்ணை, சாகிற யோசனை ஏதும் இருக்கோ?" என்று கேட்டுவிட்டேன். நெடுநேரம் பேசாமல் இருந்தவர், "ஒருத்தரும் இப்படிக் கேட்கேல்லை" என்றார். விடியும்வரை உடனிருந்து, காலையில் மனநலச் சிகிச்சைக்கு அழைத்துச் சென்றேன். 1926 என்ற இலங்கை அரச மனநல உதவி எண் அவருடைய சட்டைப்பையிலேயே இருந்தது. எண்ணைக் கொடுப்பதோடு அரசு நிற்கக் கூடாது. ஓய்வு பெற்றவரின் வாசலுக்கு ஆள் வர வேண்டும்.

நிலாவெளி மாமா:
உவர்மலைவாசி சொல்வதை நான் முழுமையாக ஏற்கவில்லை. எண்ணும் உயிர் காக்கும், அதற்குப் பின்னால் சிகிச்சை இருந்தால். அமெரிக்காவில் முன்னாள் படையினருக்கான நெருக்கடி அழைப்புச் சேவை 2007இல் தொடங்கியது. 2022 ஜூலையிலிருந்து 988ஐ அழைத்து 1ஐ அழுத்தினால் போதும். 2023 ஜனவரியிலிருந்து, நெருக்கடியில் உள்ள தகுதியுடைய முன்னாள் படையினருக்கு 30 நாள்வரை மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சையும் 90 நாள்வரை வெளிநோயாளர் சிகிச்சையும் இலவசம். தனியார் மருத்துவமனைக்குப் போனாலும் அப்படித்தான். துப்பாக்கிப் பூட்டையும் இலவசமாகக் கொடுக்கிறார்கள். அங்கே படையிலிருந்த என் மருமகன், "பூட்டின்ர சாவியைச் சிநேகிதனிட்டக் குடுத்திட்டன், மாமா" என்று சொன்ன இரவு இன்னும் என் காதில் நிற்கிறது. ஆகவே இதை வாசிப்பவர்களும் வீட்டிலுள்ள பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுத்து வையுங்கள். இலங்கையில் தற்கொலை வீதம் இறங்கத் தொடங்கியதே, 1995 அளவில் கொடிய பூச்சிகொல்லிகளைத் தடை செய்த பின்னர்தான். சாக வேண்டும் என்று எழும் வேகம் தணியும்வரை நஞ்சும் ஆயுதமும் கைக்கு எட்டாமல் இருந்தாலே பலர் பிழைத்துக்கொள்வார்கள்.

பாலையூற்று:
இருவரும் ஓய்வு பெற்றவர்களைப் பற்றியே எழுதுகிறீர்கள். படையை விட்டு ஓடியவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது? 2024 ஏப்ரல் 20 முதல் மே 20 வரை இலங்கையில் பொதுமன்னிப்புக் காலம் அறிவித்து, சட்டப்படி விலக வழி செய்தார்கள். அதில் விலகிய ஒருவர் என் கடைக்கு வருவார். உறக்கமில்லை, உயிர்மேல் ஆசையில்லை என்றார். 1926ஐ அழைக்கச் சொன்னேன். பெயரைப் பதிவார்களா, மறுபடியும் பிடித்துப் போவார்களா என்று மூன்று தடவை கேட்டார். மாட்டார்கள் என்று மூன்று தடவையும் சொன்னேன். பிறகு தொலைபேசியை என் கையில் வைத்து, எண்ணை என்னையே அழுத்தச் சொன்னார்.