நான்கு அங்குலக் கேபிள் துண்டு: 1858ஆம் ஆண்டின் அட்லாண்டிக் கேபிள்தானா?

கேள்வி: பழம்பொருள் ஆர்வலர்

வணக்கம். பழைய மின்பொருள்களைச் சேர்த்துவந்த உறவினர் ஒருவர் விட்டுச்சென்ற பெட்டியில் இரண்டு கேபிள் துண்டுகள் கிடைத்தன. முதலாவது நான்கு அங்குல நீளமும் சுண்டுவிரல் பருமனும் உடையது. இரு முனைகளிலும் பித்தளைப் பூண் போடப்பட்டுள்ளது. நடுவில் ஒரு பித்தளைத் தகடு, அதில் எழுத்துகள் பெரும்பாலும் தேய்ந்துவிட்டன. வெட்டுமுகத்தில் ஏழு செம்புக் கம்பிகளும், அவற்றைச் சுற்றிப் பிசின் இறுகியதுபோல் கரும்பழுப்பு நிறப் பொருளும், பிறகு நாரும், வெளியே இரும்பும் தெரிகின்றன. "அட்லாண்டிக் கேபிள், கடலடியிலிருந்து எடுத்தது" என்று எழுதிய சீட்டு ஒன்றும் உடன் இருந்தது. ஏழு செம்புக் கம்பிகள் இருப்பதால் இதை 1858ஆம் ஆண்டின் கேபிள் என்று கருதுகிறேன். சரியா?

இரண்டாவது துண்டு பன்மடங்கு பருமனானது. ஒரு செம்புக் குழாய்க்குள் இன்னொரு செம்புக் குழாய் இருக்கிறது. இடையில் மெழுகேறிய பழுப்புக் காகிதம் சுற்றுச் சுற்றாக இருக்கிறது. இது எதற்குப் பயன்பட்டது என்று தெரியவில்லை.

பதில் 1: தந்திக்காரர்

செம்புக் கம்பிகளின் எண்ணிக்கையை வைத்து முடிவுக்கு வராதீர்கள். அட்லாண்டிக் கடலடியில் தந்திக்காகப் போடப்பட்ட 1858, 1865, 1866 ஆகிய மூன்று கேபிள்களிலும் நடுவில் ஏழு கம்பிகள்தான். வேறுபாடு வெளிக்கவசத்தில் இருக்கிறது. 1858இல் போடப்பட்டதன் கவசம் 18 இரும்புப் புரிகளால் ஆனது. ஒவ்வொரு புரியும் ஏழு மெல்லிய கம்பிகளை முறுக்கியது என்பதால் மொத்தம் 126 கம்பிகள் வரும், பார்ப்பதற்கு மெல்லிய இரும்புக் கயிறுபோல இருக்கும். 1866ஆம் ஆண்டின் கேபிளிலோ பத்துத் தனிக்கம்பிகள், ஒவ்வொன்றின்மீதும் மணிலா நார் சுற்றப்பட்டிருக்கும். அதன் பருமன் ஓர் அங்குலத்தைத் தாண்டும். ஒரு குண்டூசியை வைத்துக்கொண்டு புரிகளை எண்ணிப் பாருங்கள்.

சீட்டில் உள்ள "கடலடியிலிருந்து எடுத்தது" என்ற சொற்கள்தான் எனக்கு உறுத்துகின்றன. அயர்லாந்தின் வாலன்சியாவையும் நியூஃபவுண்ட்லாந்தையும் இணைத்து 1858 ஆகஸ்ட் 5 அன்று வேலை முடிந்தபோது, கேபிளை இறக்கிய நயாகரா கப்பலில் சுமார் 20 மைல் கேபிள் எஞ்சியிருந்தது. நியூயார்க்கின் டிஃபனி நிறுவனம் அதை வாங்கி, நான்கு அங்குலத் துண்டுகளாக வெட்டிப் பித்தளைப் பூண் போட்டு, இது அசல்தான் என்று கேபிள் திட்டத்தை முன்னின்று நடத்திய சைரஸ் ஃபீல்ட் உறுதியளித்த சான்றுடன் நினைவுப் பொருளாக விற்றது. உங்கள் துண்டு அவற்றில் ஒன்றானால், அது கப்பலில் பயணம் செய்து கரைக்குத் திரும்பியதே தவிர, ஒரு செய்தியையும் சுமந்ததில்லை.

பழம்பொருள் ஆர்வலர்

உருப்பெருக்கிக் கண்ணாடியின் உதவியுடன் எண்ணினேன். 18 புரிகள், நான் பார்த்த ஒவ்வொன்றிலும் ஏழு கம்பிகள். மிக்க நன்றி. ஆனால் இவ்வளவு இரும்புக்கு நடுவே இவ்வளவு கொஞ்சம் செம்பு வைத்தது ஏன்?

பதில் 2: மின்பொறியாளர்

அந்தக் கேபிளின் கதையே இந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது. ஒரு கடல் மைலுக்கு 107 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 49 கிலோ செம்புதான் வைத்தார்கள். 1866இல் அது 300 பவுண்டாக உயர்ந்தது. கடலடிக் கேபிள் என்பது உள்ளே செம்பு, வெளியே கடல்நீர், இடையே காப்புப் பொருள் என்று அமைந்த மிக நீண்ட மின்தேக்கி, அதாவது மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் அமைப்பு. ஆகவே கேபிளுக்குள் அனுப்பும் மின்துடிப்பு மறுமுனையில் பரவி மங்கித்தான் வெளிவரும். இந்தத் தாமதம் நீளத்தின் இருமடிக்கு ஏற்பப் பெருகும் என்றும், அதைக் குறைக்கச் செம்பும் காப்பும் தடிப்பாக இருக்க வேண்டும் என்றும் இயற்பியலாளர் வில்லியம் தாம்சன், பின்னாளைய கெல்வின் பிரபு, எடுத்துக்கூறினார். கேபிளைப் போட்ட கம்பெனியின் மின்னியலாளரான வைல்ட்மன் வைட்ஹவுஸ் இதை ஏற்கவில்லை. விளைவு, விக்டோரியா அரசியின் 98 சொல் வாழ்த்து கடலைக் கடக்க 16 மணி நேரம் ஆயிற்று.

சில வாரங்களில் கேபிள் ஊமையானதற்கு, வைட்ஹவுஸ் ஏறத்தாழ 2000 வோல்ட் செலுத்தியதே காரணம் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். பழி முழுவதையும் அவர்மீது சுமத்துவது நியாயமில்லை என்பது என் கருத்து. கடலில் இறக்குவதற்கு முன்பே அந்தக் கேபிள் கிரீனிச்சில் வெயிலில் கிடந்து, காப்புப் பொருள் இளகிச் செம்பு நடுவிலிருந்து விலகியிருந்தது. போதாக்குறைக்கு, பாதிப் பாதியாகச் செய்த இரண்டு தொழிற்சாலைகளும் இரும்புப் புரிகளை எதிரெதிர்த் திசைகளில் முறுக்கிவைத்திருந்தன; முறுக்கு அவிழாமல் இரு பாதிகளையும் இணைப்பதே பெரும்பாடாயிற்று. உங்கள் துண்டின் வெட்டுமுகத்தில் செம்பு சரியாக நடுவில் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள்.

பதில் 3: காப்பாளர்

இரண்டாவது துண்டு கடலைச் சேர்ந்ததல்ல. அது பெரும்பாலும் 1890 வாக்கில் டெட்ஃபோர்டு மின்நிலையத்திலிருந்து லண்டன் நகருக்கு 10,000 வோல்ட் மின்சாரம் கொண்டுசெல்ல மின்பொறியாளர் ஃபெரான்டி உருவாக்கிய மின்வழியின் பகுதியாக இருக்கும். காகிதத்தில் ஏறியிருப்பது ஓசோகெரைட் என்னும் மண்மெழுகு. இந்தக் கேபிளைச் சுருட்டி எடுத்துச்செல்ல முடியாது. 20 அடிக் குழாய்களாகச் செய்து, முனைகளைக் கூம்பாகச் சீவி ஒன்றுக்குள் ஒன்றைச் செருகினார்கள். புறக்குழாய் தரையோடு இணைக்கப்பட்டிருந்ததால் ஆபத்தில்லை என்று காட்டுவதற்காக, மின்சாரம் ஓடும்போதே உதவியாளர் ஒருவர் உளியைப் பிடித்துக்கொள்ள, அதை அடித்துக் கேபிளுக்குள் இறக்கினார்களாம். கூம்பு முனை உள்ள துண்டானால் அரிது, படம் போடுங்கள்.

முதல் துண்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அந்தக் கரும்பழுப்புப் பொருள் கட்டாபெர்ச்சா. மலாய்க் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பால். வெந்நீரில் இளகும், ஆறினால் இறுகும். 20ஆம் நூற்றாண்டில் பாலித்தீன் வரும்வரை கடலடிக் கேபிள்களுக்கு அதைவிடச் சிறந்த காப்பு கிடைக்கவில்லை. இருளும் குளிருமான கடலடியில் நெடுங்காலம் கெடாது. காற்றும் வெளிச்சமும் பட்டால் வெடித்துப் பொடியாகும். ஆகவே எண்ணெய் தடவாதீர்கள், பித்தளையைப் பளபளப்பாக்கும் பசை எதையும் பூசாதீர்கள், விளக்கடியில் காட்சிக்கு வைக்காதீர்கள். அமிலமற்ற காகிதத்தில் சுற்றி, ஈரமில்லாத மூடிய பெட்டியில் வையுங்கள். தகட்டின் எழுத்துகளைப் படிக்க வேண்டுமானால் தேய்க்க வேண்டாம். இருட்டறையில் பக்கவாட்டிலிருந்து சாய்வாக ஒரு டார்ச் ஒளியை விழச்செய்து படம் எடுங்கள், மிச்சமிருக்கும் பள்ளங்கள் நிழலாகத் தெரியும்.