கிட்டார்ல பென்டடானிக் (அஞ்சு ஸ்வர ஸ்கேல்) தெரிஞ்சும் ப்ளூஸ் மாதிரி கேக்கல, என்ன விட்டுப்போச்சு?

கேள்வி:
ஏ மைனர் பென்டடானிக் முதல் பாக்ஸ் (ஸ்கேலை வாசிக்கிற விரல் அமைப்பு), 5வது ஃப்ரெட்ல, மனப்பாடம். ஏ-ல ஒரு 12 பார் (தாளச் சுத்து) பேக்கிங் டிராக் (பின்னணி இசை) போட்டு அது மேல வாசிச்சா ஸ்கேல் பயிற்சி மாதிரியே இருக்கு. தப்பா எதுவும் ஒலிக்கல, ஆனா ப்ளூஸாவும் இல்ல. 3வது கம்பியில பெண்ட் பண்ணா (கம்பியைத் தள்ளி சுருதியை ஏத்தினா) பாதி தூரம்கூட ஏற மாட்டேங்குது. அகூஸ்டிக் கிட்டார், 12-53 செட் (மெல்லிய கம்பியோட கனம் 12, தடிச்சதோடது 53). மத்த நாலு பாக்ஸையும் இப்பவே படிக்கணுமா?

பதில் 1:
மத்த பாக்ஸ் இப்போதைக்கு வேண்டாங்க. முதல்ல கம்பியைப் பாருங்க. 12-53 அகூஸ்டிக் செட்ல 3வது கம்பி வெண்கலம் சுத்தினது. அதை முழு ஸ்வரம் ஏத்தப் பாத்தா விரல்தான் நோகும். எலக்ட்ரிக்குக்கு வர்ற 10-46 செட்ல அந்தக் கம்பி 17 கேஜ் (கனம்), சுத்தே கிடையாது. அகூஸ்டிக்லயே தொடரணும்னா 3வதை மட்டும் கழட்டிட்டு அந்த 17-ஐப் போடலாம். சேடில் (கீழ் முனையில கம்பி உக்கார்ற துண்டு) சுத்துக் கம்பிக்குன்னு அமைச்சது, அதனால மேல் ஃப்ரெட்கள்ல சுருதி கொஞ்சம் கூடி நிக்கும். 8வது ஃப்ரெட் வரைக்கும் பெருசா உறுத்தாது.

பெண்டுக்கு மோதிர விரல் 7வது ஃப்ரெட்ல, நடுவிரல் அதே கம்பியில அதுக்குப் பின்னாடி. கட்டைவிரல் நெக் மேல வளைஞ்சு பிடிச்சிருக்கணும். விரலை நீட்டித் தள்ளாம, பூட்டுல சாவி திருப்புற மாதிரி மணிக்கட்டைத் திருப்புங்க. ஆள்காட்டியை 2வது கம்பி 5வது ஃப்ரெட்ல வச்சு ரெண்டு கம்பியையும் சேர்த்து அடிங்க. கீழ இருக்கிற டி ஏறி இ-யோட ஒட்டணும். ஒட்டாத வரைக்கும் ஒலி அலையலையா நடுங்கும், ஒட்டினதும் அந்த நடுக்கம் நின்னுடும். இந்தப் பெண்ட் சுருதியில நிக்காம புது லிக் (குட்டி இசைத் துணுக்கு) கத்துக்கிறதுல பிரயோஜனம் இல்ல.

பதில் 2:
அதோட, லீடுக்கு (தனி மெட்டு) முன்னாடி ரிதம் (பின்னணித் தாளம்). பேக்கிங் டிராக்கை நிறுத்திட்டு ஷஃபிளை (ப்ளூஸோட ஊஞ்சல் தாளம்) நீங்களே வாசிங்க. ஏ-க்கு 5வது கம்பி ஓபன், அதோட 4வது கம்பியில 2வது ஃப்ரெட் ரெண்டு தடவை, 4வது ஃப்ரெட் ரெண்டு தடவை. டி-க்கும் இ-க்கும் இதே கை வடிவம்தான். டி-ன்னா ஒரு கம்பி கீழ (4வது ஓபன், 3வதுல விரல்), இ-ன்னா ஒரு கம்பி மேல (6வது ஓபன், 5வதுல விரல்). மெட்ரோனோம் 60-ல வச்சு ஒவ்வொரு தட்டுக்கும் "தகிட" சொல்லுங்க. "த"-லயும் "ட"-லயும் அடி, "கி"-ல சும்மா. சம அளவா ரெண்டு அடி அடிச்சா அது ராக் ஆயிடும், நிறைய பேர் வழுக்குறது இங்கதான். வலது உள்ளங்கை ஓரம் பிரிட்ஜ் (கம்பி மாட்டுற கீழ்க் கட்டை) மேல லேசா படட்டும்.

பார் கணக்கு (ஏ7, டி7, இ7 எல்லாம் கார்டு பேரு): ஏ7 நாலு, டி7 ரெண்டு, ஏ7 ரெண்டு, அப்புறம் இ7, டி7, ஏ7, இ7 ஒவ்வொண்ணு. எண்ணாமலே 5வது பார் வர்றது காதுக்குத் தெரியணும்.

இன்னொண்ணு, இடைவெளி. பாட்டு வரி ஒவ்வொண்ணும் நாலு பார். குரல் முதல் ரெண்டு பாரை எடுத்துக்கும், கிட்டார் அடுத்த ரெண்டுல பதில் சொல்லும். ப்ளூஸ் கிட்டார் கலைஞர் பி.பி. கிங் பாடும்போது வாசிக்க மாட்டார், வரி முடிஞ்சதும்தான் கிட்டார் பேசும். நீங்களும் ரெண்டு பார் வாசிச்சு ரெண்டு பார் சும்மா இருங்க.

பதில் 3:
கேட்டவரோட உண்மையான சிக்கலுக்கு இன்னும் யாரும் வரல. ஏ7 கார்டுல சி ஷார்ப் இருக்கு, உங்க ஸ்கேல்ல சி இருக்கு. ப்ளூஸோட உயிர் இந்த ரெண்டுக்கும் நடுவுலதான். 3வது கம்பி 5வது ஃப்ரெட்ல சி. அதை ஆள்காட்டியால தரைப் பக்கமா லேசா இழுங்க, கால் ஸ்வரம் போதும். இது சுத்துக் கம்பியிலயும் வரும், அதனால கம்பி மாத்துற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

ஆனா டி7 வந்ததும் அந்த சி-யை இழுக்காம நேரா வைங்க. அங்க அது டி7-ஓட ஏழாவது ஸ்வரம், கச்சிதமா உக்காரும். சி ஷார்ப் பக்கம் ஏறினா கார்டோட மோதும். இ7 வரும்போது 4வது கம்பி 6வது ஃப்ரெட்டைத் தொடுங்க. அது ஜி ஷார்ப், உங்க பாக்ஸ்ல இல்லாத ஸ்வரம், கார்டோட மூணாவது. இந்த மூணு இடத்தைப் பிடிச்சாலே, பின்னாடி டிராக் ஓடாட்டியும் கார்டு மாறுறது கேக்கும்.

கேட்டவர்:
கால் ஸ்வரம் சரியா வந்துச்சான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? அப்புறம், பெண்ட் பண்ணிப் பண்ணி 3வது கம்பி சுருதி இறங்கிடுது.

பதில் 3:
முதல்ல 5வது ஃப்ரெட், அப்புறம் 6வது, ரெண்டையும் பெண்ட் இல்லாம வாசிங்க. அப்புறம் 5-ல இருந்து இழுத்து, 6-ஓட ஒலியைத் தொடுறதுக்கு முன்னாடியே நில்லுங்க. நேரா சி-யில ஆரம்பிச்சு மெதுவா ஏறணும், இழுத்து வச்சுட்டு அடிக்கக் கூடாது.

சுருதிக்கு: புதுக் கம்பின்னா போட்டதும் 12வது ஃப்ரெட் பக்கம் பிடிச்சு மெல்ல இழுத்து, ட்யூன் பண்ணி, இறங்குறது நிக்கிற வரைக்கும் திரும்பத் திரும்பச் செய்யுங்க. பழைய கம்பின்னா நட் (நெக்கோட மேல் முனையில கம்பி உக்கார்ற துண்டு) பள்ளத்துல சிக்குதுன்னு அர்த்தம். ட்யூன் பண்ணும்போது "டிக்"னு சத்தம் வந்தா அதேதான். கம்பியைத் தளர்த்தி, பென்சில் முனையை அந்தப் பள்ளத்துல நல்லாத் தேய்ச்சு விடுங்க.